இருவருக்கென்று தனிச்சொல் வைத்திருக்கும் நாடு: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பத்திரிகையில், ஸ்லோவேனியாவில் பனிக்காலம் எப்படிக் கழிகிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பி, பதில் எழுதித் தரச் சொன்னது. முந்தைய கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: சொந்த ஊர் சின்னமனூர். 2011-இல் கணவரின் வேலைக்காக இங்கே வந்தோம். ராடோவ்லிட்சா என்ற சிற்றூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஒரு பண்ணை வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். இங்கே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தச் சமையலறையிலும், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவிடமும் கற்றுக்கொண்டதுதான்.

வெனிஸிலிருந்து வியன்னா போகும் வழியில் பிளெட் ஏரியில் மூன்று மணி நேரம் நிறுத்துவதாகச் சுற்றுலாக்காரர்கள் சொல்கிறார்கள். ஸ்லோவேனியாவைப் பார்க்க அது போதுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

போதாது ஐயா. அந்த மூன்று மணி நேரத்தில் பிளெட்டின் படம் உங்களுக்குக் கிடைத்துவிடும். ஏரிக்கு நடுவே குட்டித் தீவு, அதில் தேவாலயம், கரையில் செங்குத்துப் பாறைமேல் கோட்டை, பின்னணியில் மலைத்தொடர். நாள்காட்டியில் இருப்பது அப்படியே நேரிலும் இருக்கும். பிளெத்னா என்று ஒரு தட்டைப் படகு உண்டு. படகுக்காரர் நின்றுகொண்டு இரண்டு துடுப்பும் போடுவார். தீவில் இறங்கினால் 99 படி. கல்யாணம் ஆனவுடன் மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியெல்லாம் ஏற வேண்டும் என்பது இங்கே வழக்கம். கரைக்குத் திரும்பி ஒரு துண்டு க்ரெம்ஷ்னிதா சாப்பிடுங்கள். மேலும் கீழும் மொறுமொறுவென்று மெல்லிய அடுக்கு, நடுவே முட்டை கஸ்டர்டும் பாலாடைக் க்ரீமும். அதற்குள் பேருந்தில் ஹாரன் அடித்துவிடுவார்கள்.

உங்களால் முடிந்தால் அந்தச் சுற்றுலாவிலிருந்து பிரிந்து நான்கு நாள் தனியாகத் தங்குங்கள். நாடு சின்னது. மொத்தம் 20,271 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. மக்கள் 21 லட்சம் பேர். தலைநகர் லூப்லியானாவிலிருந்து பிளெட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் சின்ன நாடு என்பதால் சீக்கிரம் பார்த்துவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் இங்கே ஏமாந்து போகிறார்கள். பாதிக்கும் மேல் காடு, மீதியில் முக்கால்வாசி மேடும் பள்ளமும். ஒரு பள்ளத்தாக்கில் பேசும் வட்டார வழக்கு அடுத்த பள்ளத்தாக்குக்காரருக்குச் சிரமப்படும்.

நான் சொல்லும் நான்கு நாளில் இரண்டு இரவை போஹின் ஏரிக்கரையில் கழியுங்கள். பிளெட்டிலிருந்து 26 கிலோமீட்டர்தான். பிளெட்டைவிடப் பெரிய ஏரி, கரையில் நகரம் கிடையாது. காலை ஆறு மணிக்கு மூடுபனி ஏரியைவிட்டு எழுந்து போவதைப் பார்க்கலாம். அப்புறம் போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சா நிலையத்தில் ரயில் ஏறி நோவா கோரிட்சா வரை போங்கள். 1906-இல் திறந்த பாதை. ஏறிய சில நிமிடத்திலேயே ஆறு கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம் வரும். அதைத் தாண்டியதும் ஊரின் முகமே மாறிவிடும். கூரை, மரம், வெயிலின் நிறம் எல்லாம் வேறு. கடைசியில் சோல்கான் பாலம். வெட்டிய கல்லால் மட்டுமே கட்டிய 85 மீட்டர் வளைவு, கல் வளைவு ரயில் பாலங்களில் உலகிலேயே மிகப் பெரியது. இடது, வலது என்று ஜன்னல் மாறி உட்கார்ந்துகொண்டே வாருங்கள். பெட்டியில் கூட்டம் இருக்காது.

ஸ்லோவேனியாவும் ஸ்லோவாகியாவும் ஒன்றா? கொடியும் ஒன்றுபோலவே இருக்கிறதே.
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

வேறு வேறு நாடுகள் தம்பி. இரண்டுக்கும் பொது எல்லைகூடக் கிடையாது. நடுவே ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் இருக்கின்றன. ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவிலிருந்தும், ஸ்லோவாகியா செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் பிரிந்தவை. ஆனால் உங்கள் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்லோவேனிய மொழிக்கு இங்கே ஸ்லோவென்ஷ்சினா என்று பெயர். ஸ்லோவாகியர்கள் தங்கள் மொழியை ஸ்லோவென்சினா என்பார்கள். கொடியில் இரண்டுக்கும் வெள்ளை, நீலம், சிவப்புப் பட்டைதான். சின்னத்தைப் பாருங்கள்: மூன்று முடியுள்ள வெள்ளை மலையும் அதன் கீழே இரண்டு அலைக்கோடும் இருந்தால் அது எங்கள் ஊர்க் கொடி. பதின்மூன்று வருடத்தில் "எங்கள் ஊர்" என்று கை தானாக எழுதிவிடுகிறது.

அண்ணன் ஸ்லோவேனியாவின் எட்டு யூரோ காசுகளையும் அனுப்பியிருக்கிறார். அவற்றில் இருப்பவர்கள் அந்த நாட்டு ராஜாக்களா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, சிவகாசி

இந்தக் கேள்வியை எழுதிய பாப்பாவுக்கு என் அன்பு. எட்டுக் காசையும் வரிசையாக மேசையில் வைத்துக்கொள். அதைவிடச் சின்ன வரலாற்றுப் புத்தகம் கிடையாது.

ஒரு ராஜாகூட அதில் இல்லை. இரண்டு யூரோவில் இருப்பவர் கவிஞர் ஃபிரான்ஸ் பிரெஷெரன். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில், வெர்பா என்ற கிராமத்தில் 1800-இல் பிறந்தவர். வக்கீல் வேலை பார்த்தார், வாழ்நாளில் பெரிய சுகம் காணவில்லை. 1849-இல் பிப்ரவரி 8 அன்று கிரான் நகரில் இறந்தார். அந்த நாள் இன்று நாடு முழுவதும் அரசு விடுமுறை. கவிஞர் இறந்த நாளுக்கு விடுமுறை விட்டு, அன்றைக்கு அருங்காட்சியகங்களைத் திறந்துவைத்து, தெருவில் நின்று கவிதை வாசிக்கிறார்கள். கடுங்குளிரில் கையுறை போட்ட கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசிப்பதை நான் ஒவ்வொரு வருடமும் போய்க் கேட்கிறேன். அவர் எழுதிய வாழ்த்துப்பாட்டின் ஏழாவது பத்தி தான் இங்கே தேசிய கீதம். அதில் தன் நாட்டின் பெயரே வராது. எல்லா இனத்தாரும் வாழட்டும், பகைவர் என்று யாரும் இல்லாமல் எல்லாரும் அக்கம்பக்கத்தாராக இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

ஒரு யூரோவில் இருப்பவர் பிரிமோஷ் துருபார். சீர்திருத்தக் கிறித்துவப் பாதிரியார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு ஜெர்மனியில் இருந்தபோது, 1550-இல், ஸ்லோவேனிய மொழியின் முதல் அச்சுப் புத்தகத்தை வெளியிட்டார். கூடவே எழுத்துப் பழக ஓர் அரிச்சுவடியும் போட்டார். அதுவரை இந்த மொழி உழவர் பேச்சு என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

50 சென்டில் நாட்டின் மிக உயரமான திரிக்லாவ் மலை, அதற்கு மேலே கடக ராசி நட்சத்திரங்கள். 1991 ஜூன் 25-இல் நாடு விடுதலை அறிவித்த ராசி அது. 20 சென்டில் லிபிட்சா குதிரைகள்; கறுப்பாகப் பிறந்து சில வருடத்தில் வெள்ளையாகும் இனம், 1580 முதல் லிபிட்சா கிராமத்துப் பண்ணையில் வளர்கின்றன. 10 சென்டில் இருக்கும் கூம்புக் கட்டடத்தைத் தேடாதே, அது கட்டப்படவே இல்லை. லூப்லியானாவின் மும்மைப் பாலத்துக்கும் சந்தைக்கும் வடிவம் கொடுத்த கட்டடக் கலைஞர் யோஷே பிளெச்னிக், நாடாளுமன்றத்துக்காகக் காகிதத்தில் வரைந்தது. 5 சென்டில் நட்சத்திரங்களை விதைக்கும் விவசாயி. 2 சென்டில் ஒரு கல். பழைய கரந்தானிய நாட்டில் புதிய தலைவர் பதவியேற்கும் சடங்கு அந்தக் கல்லில்தான் நடந்தது, ஸ்லோவேனிய மொழியில். கல் இப்போது ஆஸ்திரியாவில், கிளாகன்ஃபுர்ட் நகரில் இருக்கிறது. 1 சென்டில் நாரை.

கவிஞர், புத்தகம் போட்டவர், மலை, குதிரை, கட்டாத கட்டடம், உழவர், கல், பறவை. 2007-இல் யூரோவுக்கு மாறும்போது உலகுக்குக் காட்ட இவர்கள் தேர்ந்தெடுத்தது இவற்றைத்தான். எனக்கு இந்த நாடு பிடித்துப்போன காரணம் இந்த எட்டுக் காசிலும் இருக்கிறது பாப்பா.

மகன் லூப்லியானாவில் படிக்கிறான். நாங்கள் சைவம். அங்கே போனால் என்ன சாப்பிடுவது?
— கோவையிலிருந்து ஒரு தாய்

இரண்டு சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா: "பிரெஸ் மேசா." இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதோடு நிறுத்தாமல் "பிரெஸ் ஒட்ஸ்விர்கோவ்" என்றும் சொல்ல வேண்டும். ஒட்ஸ்விர்கி என்பது பன்றிக் கொழுப்பை வறுத்த பொடித்துண்டு. அதை இங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, தாளிப்பு மாதிரி மேலே தூவிவிடுவார்கள்.

அது இல்லாமல் கேட்டால், முதலில் ஷ்கான்த்சி சாப்பிடுங்கள். பாப்பரை என்று சில ஊரில் சொல்லும் பக்வீட் மாவைக் கொதிநீரில் கொட்டி, நடுவே குழி போட்டு வேகவிட்டு, பிறகு முள்கரண்டியால் உதிர்ப்பார்கள். தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் கிஸ்லோ ம்லேகோ, அதாவது புளித்த பால். வேலையில் சேர்ந்த முதல் வாரம், தொண்ணூறு வயதுத் தாத்தா ஒருவருக்கு அதைப் பரிமாறும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கேழ்வரகுக் களியையும் மோரையும் வேறு யாரோ ஊர் விட்டு ஊர் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. தானியம் வேறு, கைவேலை வேறு. ஆனால் காலையில் வயலுக்குப் போகிறவன் சாப்பிட்டது என்பது வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்.

ஷ்த்ருக்லி என்று ஒன்று உண்டு. மெல்லிய மாவில் பாலாடைக்கட்டி பரப்பிச் சுருட்டி, துணியில் கட்டி வேகவைப்பது. இனிப்பாகவும் செய்வார்கள், உப்பாகவும் செய்வார்கள். மலைக் குடில்களில் யோத்தா கேளுங்கள், பீன்ஸும் உருளைக்கிழங்கும் புளித்த முட்டைக்கோஸும் போட்ட கெட்டிச் சாறு. ஆனால் கறி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். ஈஸ்டர் சமயம் போனால் பொட்டிட்சா. அக்ரூட் பூரணத்தை மாவில் சுருட்டிச் சுடும் ரொட்டி. என் வீட்டுக்காரம்மா முதல் தடவை எனக்குக் கற்றுக்கொடுத்தபோது மாவை ஆறு முறை திரும்பத் தேய்க்க வைத்தார். மேசை விரிப்பின் பூ வேலைப்பாடு மாவு வழியே தெரிய வேண்டுமாம்.

நான் 40 பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறேன். உலகத் தேனீ நாள் ஸ்லோவேனியாவால் வந்தது என்று படித்தேன். அவர்கள் பெட்டி எப்படி இருக்கும்?
— தேனீ வளர்ப்பாளர், கூடலூர், தேனி மாவட்டம்

நம் மாவட்டத்துக் கடிதம், அதுவும் தேனீ பற்றி! உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன் அண்ணே.

மே 20 உலகத் தேனீ நாள். ஸ்லோவேனியா முன்மொழிந்து, ஐ.நா. 2017 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. அன்டோன் யான்ஷா 1734-இல் ஞானஸ்நானம் பெற்ற நாள் அது. இதே பக்கத்து பிரெஸ்னிட்சா கிராமத்துக்காரர். ஓவியம் கற்க வியன்னா போனவர், மரியா தெரேசா மகாராணி தொடங்கிய தேனீ வளர்ப்புப் பள்ளியில் 1770-இல் முதல் ஆசிரியர் ஆனார். ஆண் தேனீ தண்ணீர் கொண்டுவருகிறது என்று நம்பிய காலத்தில், ராணித் தேனீயோடு கூட்டுக்கு வெளியே, வானத்தில் சேர்கிறது என்று எழுதியவர்.

பெட்டிக்கு வருகிறேன். நீங்கள் மேல்மூடியைத் திறந்து சட்டங்களை எடுப்பீர்கள். இங்கே அலமாரி மாதிரி பின்பக்கம் கதவு. சட்டங்களைப் புத்தகம் உருவுவது போலப் பின்னால் இழுத்து எடுக்க வேண்டும். அதனால் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சுவரோடு சுவராக ஒரு மரவீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்த வீட்டுக்கு செபெல்னியாக் என்று பெயர். தேனீக்கள் முன்பக்கம் வயலைப் பார்த்துப் பறக்கும். வளர்ப்பவர் பின்பக்கம் மழை படாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்வார். பனி ஊருக்கு ஏற்ற ஏற்பாடு. சட்டத்தைத் தூக்குவதில் இடம் குறைவு, அடைகூடு பெருக்குவது கடினம் என்று இளையவர்கள் சிலர் மேல்மூடிப் பெட்டிக்கு மாறிவருகிறார்கள்.

பெட்டியின் முன்பலகையில் படம் வரைவது இந்த நாட்டுக்கே உரிய கலை. தேதி தெரிந்தவற்றில் மிகப் பழையது 1758-ஆம் ஆண்டுப் பலகை. தன் பெட்டி எது என்று தேனீக்கு அடையாளம் தெரியும் என்பார்கள், தனக்கும் எந்தக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியும். புனிதர்கள் நிறைய. அப்புறம் வேட்டைக்காரனின் சவ ஊர்வலம்: கரடி, முயல், மான் எல்லாம் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகும். பெண்ணின் நாக்கைப் பிசாசு சாணைக்கல்லில் தீட்டும் படமும் உண்டு, அது எனக்குப் பிடிக்காது. ராடோவ்லிட்சாவின் தேனீ அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

இனம் ஒன்றுதான், கிராஞ்ஸ்கா தேனீ. சாம்பல் நிறம், சாது. வேறு இனத்தை நாட்டுக்குள் வளர்க்கச் சட்டம் இடம் தராது. 21 லட்சம் பேரில் பத்தாயிரத்துக்கும் மேல் தேனீ வளர்க்கிறவர்கள். என் வீட்டுக்காரம்மாவிடம் பதினான்கு கூடு இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். ஸ்லோவேனிய மொழியில் மாடு, நாய், கோழி செத்தால் ஒரு வினைச்சொல், மனிதர் இறந்தால் வேறொன்று. தேனீக்கு மட்டும் மனிதருக்கான சொல்லைப் போடுவார்கள். ஒரு பிப்ரவரியில் இரண்டு கூட்டம் குளிரில் போய்விட்டது. வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னார். தமிழில் சொல்வதானால் "செத்துப்போச்சு" என்று சொல்லவில்லை, "இறந்துபோயிட்டாங்க" என்றார். அவர் உள்ளே போகும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

திரிக்லாவ் மலை ஏறாதவர் ஸ்லோவேனியரே இல்லை என்பது உண்மையா? ஏற்காட்டு மலையேற்றப் பழக்கம் எனக்குப் போதுமா?
— இளைஞர், சேலம்

வாழ்நாளில் ஒரு முறையாவது ஏற வேண்டும் என்று சொல்கிறவர்கள் மிகுதி. அதற்காக ஏறாதவரை யாரும் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. 2,864 மீட்டர். பெயருக்கு மூன்று தலை என்று பொருள். 1778-இல் உள்ளூர்க்காரர் நால்வர் முதலில் உச்சியைத் தொட்டார்கள், ஆல்ப்ஸ் மலைகளிலேயே உயரமான மோன் பிளாங் ஏறப்படுவதற்கு எட்டு வருடம் முன்பு.

உச்சியில் தகரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஆள் உயரத்துக்கு, நாலைந்து பேர் நெருங்கி நிற்கும் அளவுக்கு. அதன் கதைதான் எனக்கு முக்கியம். ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் ஆண்ட காலத்தில் மலைப்பாதைகளில் ஜெர்மன் மொழிப் பலகைகள் பெருகிக்கொண்டிருந்தன. மலையடிவார ஊரின் பாதிரியார் யாகோப் அல்யாஷ் உச்சியின் அந்தத் துண்டு நிலத்தை விலைக்கு வாங்கினார். விலை அந்தக் காலக் காசில் ஒரு குல்டன். 1895-இல் கோபுரத்தைத் துண்டு துண்டாகச் செய்து மேலே ஏற்றிப் பொருத்தினார். அந்தத் தகரத்துக்குள் நின்றால் காற்று விசிலடிக்கும். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் அதைத் தொட்டுப் பார்க்கவே ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள்.

பழக்கம் போதுமா என்று கேட்டீர்கள். கால் வலு போதும், மற்றது போதாது. க்ர்மா பள்ளத்தாக்கு வழியாக, 2,515 மீட்டரில் இருக்கும் கிரெதாரிட்சா குடில் வரை நல்ல நடை, ஐந்தாறு மணி நேரம். அங்கிருந்து உச்சிக்குக் கத்தி முனை போன்ற மலைமுதுகு. இரும்புக் கம்பியும் ஆணியும் அடித்திருப்பார்கள். தலைக்கவசம், இடுப்புவார் இரண்டும் வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். 2015-இல் நான் முதல் தடவை போனபோது குடில் வாசலிலேயே இடி தொடங்கியது. வீட்டுக்காரம்மாவின் தம்பி மகன்தான் வழிகாட்டி. உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்துகொண்டிருந்தது, அவர் ஒரே வார்த்தையில் திரும்பச் சொன்னார். இரண்டு வருடம் கழித்துத்தான் ஏறினேன். முதல் முறை உச்சி தொடுகிறவருக்குப் பின்புறத்தில் கயிற்றால் மூன்று அடி போடுவது இங்கே சடங்கு. எனக்கும் விழுந்தது. மெதுவாகத்தான் அடித்தார்கள்.

பாதைக்குறி சிவப்பு வட்டம், நடுவே வெள்ளைப் பொட்டு. அதைத் தவறவிடாதீர்கள். எதிரே வருகிறவருக்கு "தோபெர் தான்", அதாவது வணக்கம், சொல்லாமல் கடக்காதீர்கள்.

சோச்சா ஆற்றுப் படங்களில் இருக்கும் பச்சை நிறம் உண்மையா?
— புகைப்படக் கலைஞர், மதுரை

உண்மைதான். சுண்ணாம்புக்கல் மலை, நுண்ணிய வெண்துகள், கடுங்குளிர் நீர். கண்ணால் பார்க்கும்போது படத்தைவிடக் கூடுதலாகவே தெரியும். ஒரு வேண்டுகோள்: கோபரித் ஊரில் இறங்கி அங்குள்ள போர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஆற்றுக்குப் போங்கள். 1915 முதல் 1917 வரை இந்த ஆற்றங்கரையில் இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிக்கும் பன்னிரண்டு சண்டை நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். மலைச்சரிவில் அவர்கள் குடைந்த பதுங்குகுழிகள் இன்னும் இருக்கின்றன. அதன்பின் நீங்கள் எடுக்கும் படம் வேறு மாதிரி இருக்கும்.

எந்த மாதம் வரலாம்?
— வாசகி, சென்னை

ஜூன் பிற்பாதி. பகல் நீளம், லிண்டன் மரம் பூத்து ஊரே மணக்கும். திரிக்லாவ் ஏற நினைத்தால் மட்டும் ஆகஸ்ட், செப்டம்பர்; ஜூனில் மேலே பனி கிடக்கும்.

உங்கள் கட்டுரையில் எல்லாமே நன்றாக இருக்கிறது. அந்த நாட்டில் குறையே இல்லையா?
— வாசகர், மட்டக்களப்பு

இருக்கிறது. இதைக் கேட்டதற்கு நன்றி.

1990 டிசம்பர் வாக்கெடுப்பில், வாக்குரிமை உள்ளவர்களில் 88.5 சதவீதம் பேர் தனி நாடு வேண்டும் என்றார்கள். 1991 ஜூனில் அறிவிப்பு, பத்தே நாள் போர், அதோடு முடிந்தது. யூகோஸ்லாவியாவின் மற்றப் பகுதிகள் பட்டதை நினைத்தால் பெரிய அதிர்ஷ்டம். வெளியூர்க்காரர்களுக்கு இதுவரைதான் தெரியும்.

அதன்பின் நடந்தது இது. போஸ்னியா, செர்பியா, குரோவேஷியா போன்ற குடியரசுகளிலிருந்து வேலைக்கு வந்து, வருடக்கணக்காக இங்கே வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்குக் கிடைத்தது. விண்ணப்பிக்காதவர்கள், மறுக்கப்பட்டவர்கள் என 25,671 பேரின் பெயரை 1992 பிப்ரவரி 26 அன்று நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் நீக்கினார்கள். அவர்களுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. இஸ்ப்ரிசானி என்று அவர்களுக்குப் பெயர், அழிக்கப்பட்டவர்கள். வேலை, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் ஒரே நாளில் போயிற்று. அரசியல் சாசன நீதிமன்றம் 1999-இல் இது சட்டவிரோதம் என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் இழப்பீடு தரச் சொன்னது. நாட்டின் அதிபர் மன்னிப்புக் கேட்டது 2022-இல்.

என்னோடு சமையலறையில் வேலை செய்யும் பெண்ணின் தந்தை அவர்களில் ஒருவர். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில், அடையாள அட்டையை வாங்கித் துளை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். அந்த அட்டையை அவள் இன்னும் வைத்திருக்கிறாள், எனக்குக் காட்டினாள். மொழியை இவ்வளவு நேசிக்கிற நாடு, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களை அப்படி நடத்தியது. பிரெஷெரன் நாளில் கவிதை கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டை ஞாபகத்துக்கு வரும்.

ஸ்லோவேனிய மொழி கற்பது கடினமா? எதிலிருந்து தொடங்குவது?
— வேலைக்காக அடுத்த ஆண்டு வரவிருக்கும் பெண், தூத்துக்குடி

கடினம்தான் தங்கச்சி, ஆனால் தமிழ் தெரிந்தவளுக்கு வேற்றுமை உருபு புதிதல்ல. வீடு, வீட்டை, வீட்டில், வீட்டுக்கு என்று நாம் இழுப்பது போலவே அவர்களும் சொல்லின் வாலை மாற்றுவார்கள். ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் என்று மேசைக்கும் நாற்காலிக்கும் பால் உண்டு என்பதுதான் தொல்லை. இந்த ஊரில் ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும், அதனால் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிடலாம். தள்ளாதே. என் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனது, அந்த இரண்டு வருடத்தில் ஒருத்தரும் என்னை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. ரொட்டிக் கடையில் தப்பும் தவறுமாகப் பேசத் தொடங்கிய பிறகே கூப்பிட்டார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், இருமையிலிருந்து தொடங்கு. தமிழில் ஒருமை, பன்மை. வடமொழியில் இரண்டுக்கென்று தனியாக இருமை உண்டு என்று படித்திருப்பாய். ஐரோப்பாவில் அதை அன்றாடப் பேச்சில் முழுசாக வைத்திருக்கும் மொழிகள் மிகக் குறைவு, இது அதில் ஒன்று. நான் "யாஸ்", நாங்கள் இருவர் "மித்வா", மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் "மீ". பெயர் மட்டுமல்ல, வினையும் மாறும். கண், கை, கணவன் மனைவி, இரட்டைப் பிள்ளை, மேசையில் இரண்டு கோப்பை என்று இந்த வாழ்க்கையில் எவ்வளவு விஷயம் இரண்டாக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பதிலுக்கு நானும் ஒன்று கொடுத்தேன். கேட்பவரைச் சேர்த்தால் "நாம்", சேர்க்காவிட்டால் "நாங்கள்" என்று எங்கள் மொழியில் இரண்டு உண்டு என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். ஸ்லோவேனியத்தில் அது இல்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, திரும்பச் சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து பொட்டிட்சா சுடும்போது, மற்றதெல்லாம் ஸ்லோவேனியத்தில் பேசிவிட்டு, "நாம்" என்ற ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொல்வார்.

நாங்கள் வந்த புதிதில், நானும் கணவரும் படியிறங்கும்போதெல்லாம் அவர் ஜன்னலிலிருந்து "காம் கிரெஸ்தா?" என்று கேட்பார். நீங்கள் இரண்டு பேரும் எங்கே போகிறீர்கள் என்று பொருள். தினமும் அதே சொல். 2014 மார்ச்சில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான்காம் நாள், அவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மூன்று பேருமாக முதல் தடவை படி இறங்கினோம். ஜன்னல் திறந்தது. "காம் கிரெஸ்தே?" என்று கேட்டார்.